‘சேர்’ என்று எழுதினேன், மூடிவிட்டார்: இது அவமதிப்பா?

யாழ்ப்பாணத்தில் மூன்றாம் வருடம் கணினி விஞ்ஞானம் படிப்பதாகச் சொல்லும் நீங்கள் கேட்டிருப்பதைச் சுருக்கினால் இதுதான். ஒரு திறமூல மென்பொருளுக்கு, அதாவது எவரும் நிரலைப் பார்த்துத் திருத்தம் அனுப்பக்கூடிய மென்பொருளுக்கு, வாழ்க்கையில் முதன்முறையாக ஒரு திருத்தம் அனுப்பினீர்கள். ‘மதிப்புக்குரிய சேர்’ என்று தொடங்கி மிகப் பணிவாக எழுதினீர்கள். இரண்டு நாள் பதில் இல்லை. அதன் பிறகு, வரும் திருத்தங்களை ஏற்பதா விடுவதா என்று முடிவுசெய்யும் பராமரிப்பாளரின் பெயரைச் சுட்டி நாள்தோறும் ஒரு நினைவூட்டல் இட்டீர்கள். ஏழாம் நாள் அவர் மூன்று வரி எழுதினார்: இந்த வழி பிழை, பங்களிப்பாளர் கையேட்டை வாசியுங்கள், தனி ஆட்களைச் சுட்டி அழைக்க வேண்டாம். எழுதிய கையோடு, திருத்தத்தை ஏற்கும்படி கேட்ட உங்கள் கோரிக்கையை மூடிவிட்டார். அதன் கீழே வேறொருவர், ‘அந்தப் பக்கத்து ஆட்கள் எல்லோரும் இப்படித்தான், சான்றிதழுக்காக வருகிறவர்கள்’ என்று ஒரு சிரிப்புக் குறியோடு எழுதிவிட்டுப் போயிருக்கிறார். திட்டத்தில் பங்குபெறுபவர்கள் எப்படி நடக்க வேண்டும் என்று சொல்லும் ஒழுக்கக் கோவையில் ‘மரியாதையாக நடக்க வேண்டும்’ என்று இருக்கிறதே, பராமரிப்பாளர் மீது முறையிடலாமா என்று கேட்கிறீர்கள்.

இதற்கு அடியில் இன்னொரு கேள்வி இருக்கிறது என்று நினைக்கிறேன்: இவ்வளவு பணிவாக நடந்தும் எனக்கு ஏன் மரியாதை கிடைக்கவில்லை? பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பராமரிப்பாளர் உங்களை அவமதிக்கவில்லை. அந்தக் கிழமையில் மரியாதைக் குறைவாக நடந்தவர்கள் இருவர். ஒருவர் நீங்கள், மற்றவர் அந்தச் சிரிப்புக்குறிக்காரர். உங்களுடையது தெரியாமல் செய்த பிழை. யாரும் நினைவில் வைத்திருக்க மாட்டார்கள். அவருடையது ஒழுக்கக் கோவையை நேரடியாக மீறிய செயல். ஆனால் உங்கள் கேள்வியில் பராமரிப்பாளருக்குப் பத்து வரி, அவருக்கு அரை வரி.

பன்னிரண்டு வருடங்களாக இப்படியான திட்டங்களில் இருக்கிறேன். முதலில் தமிழாக்கம், பிறகு நிரல். இடையில் மூன்று வருடம் ஒரு நடுத்தர அளவுத் திட்டத்தின் ஒழுக்கக் கோவைக் குழுவில் இருந்து முறைப்பாடுகளை வாசித்தேன். பெரிய நிறுவனங்கள் சம்பளம் கொடுத்து நடத்தும் திட்டங்களின் உள்வீட்டுப் பழக்கம் எனக்கு இல்லை. உங்கள் உரையாடலின் மூலத்தையும் நான் பார்க்கவில்லை. நீங்கள் தந்த விவரத்தை நம்பியே எழுதுகிறேன்.

எங்கள் பேச்சில் மரியாதை சொல்லின் வாலில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நீ, நீர், நீங்கள் என்று யாழ்ப்பாணத்தில் மூன்று படி வைத்திருக்கிறோம். புதிதாக அறிமுகமான ஒத்த வயதுக்காரரிடம் ‘நீர் எந்த ஊர்?’ என்று கேட்கலாம். அதையே ஆசிரியரிடம் கேட்டால் நாம் வீடு போய்ச் சேருவதற்கு முன் செய்தி போய்ச் சேர்ந்துவிடும். வா, வாரும், வாங்கோ என்று ஒவ்வொரு வினைச்சொல்லும் எதிரே நிற்பவரின் உயரத்தை அளந்த பிறகே வாயை விட்டு இறங்குகிறது. ஆங்கிலத்தில் அந்த ஏணி இல்லை, எல்லோருக்கும் ஒரே முன்னிலைச் சொல். அந்த மொழியில் எழுத உட்காரும்போது வெறுங்கையோடு ஒரு வீட்டுக்குப் போவது போலக் கூச்சமாக இருக்கிறது. அந்தக் கூச்சத்தைத்தான் ‘சேர்’ போட்டு மறைக்கிறோம். நானும் மறைத்தவன்தான். என் முதல் மடலில் ஒரே பந்தியில் நான்கு ‘சேர்’ இருந்தது. பதில் எழுதியவர் ஒரு பெண். கோபிக்காமல், பெயர் சொல்லி அழைத்தால் போதும் என்று மட்டும் எழுதினார். எனக்குத்தான் இரண்டு நாள் கணினிப் பக்கம் போக வெட்கமாக இருந்தது.

‘சேர்’ என்பது குற்றமில்லை. யாரும் அதற்காக உங்களைக் கண்டிக்க மாட்டார்கள். ஆனால் அது இரண்டு வேலை செய்கிறது. முகம் தெரியாத ஒருவரை ஆண் என்று முடிவு கட்டுகிறது. அதைவிட முக்கியமாக, அவரை உங்கள் தலையில் ஆசிரியராகவோ அதிகாரியாகவோ ஏற்றி வைக்கிறது. அப்படி ஏற்றி வைத்த பிறகு அவர் சொல்லும் சாதாரண ‘இது பிழை’யும் வகுப்பில் எழுப்பி நிறுத்தி வாங்கிய ஏச்சைப் போலக் கேட்கும். அவர் எழுதியதோ மேசைக்கு எதிர்ப்பக்கம் இருக்கும் சக வேலையாளுக்கான குறிப்பு. லினக்ஸ் இயங்குதளத்தின் ஒரு வகையான டெபியனை உருவாக்குபவர்கள் 2014இல் வாக்கெடுத்து ஏற்றுக்கொண்ட ஒழுக்கக் கோவையைப் பாருங்கள். மரியாதையாக இரு, மற்றவரின் நல்லெண்ணத்தை நம்பு என்பவற்றோடு, சுருக்கமாக எழுத முயற்சி செய் என்பதும் அதில் ஒரு தனி விதி. நீங்கள் ஒரு முறை எழுதுவதை நூற்றுக்கணக்கானவர்கள் வாசிக்க வேண்டியிருக்கிறது என்பது காரணம். நமக்கு முகத்தில் அடித்தது போல இருக்கும் மூன்று வரி, அந்த ஊர் வழக்கில் மரியாதையின் ஒரு வடிவமாகவே இருக்கலாம்.

அங்கே மரியாதை குடியிருக்கும் இடம் மற்றவரின் நேரம். யாழ்ப்பாணத்தில் இரவு ஒன்பது மணி என்றால் கலிபோர்னியாவில் கோடைகாலத்தில் காலை எட்டரை. இரவுச் சாப்பாடு முடித்து நீங்கள் இட்ட நினைவூட்டல், சம்பள வேலைக்குப் புறப்படும் ஒருவரின் கைப்பேசியில் போய் ஒலித்திருக்கும், அதுவும் ஐந்து நாள் தொடர்ந்து. ஒரு வீட்டுப் படலையில் நின்று ஒரு முறை கூப்பிடுவது வேறு, நாள்தோறும் வந்து படலையை உலுப்புவது வேறு. அவர் பெரும்பாலும் காசு வாங்காமல் இரவிலும் வார இறுதியிலும் இந்த மென்பொருளைப் பார்ப்பவர். உங்களுடையதைப் போல அவர் முன்னால் இன்னும் பல கோரிக்கைகள் கிடந்திருக்கும். இரண்டு கிழமை பொறுத்திருந்து, யாரையும் சுட்டாமல் ஒரு வரி எழுதுவதுதான் நான் கண்ட பொது வழக்கம். இது இருபக்கமும் பொருந்தும். 2022 மார்ச் இறுதியில் இலங்கையில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை மின்வெட்டு இருந்தபோது, என் திருத்தம் ஒன்றுக்காகக் காத்திருந்தவருக்கு நான் எதுவும் சொல்லாமல் பத்து நாள் காணாமல் போனேன். ‘இங்கே மின்சாரம் இல்லை, அடுத்த கிழமை பார்க்கிறேன்’ என்று கைப்பேசியில் ஒரு வரி தட்டியிருக்கலாம். அவர் என் பகுதியைத் தானே எழுதி முடித்திருந்தார். நியாயம்தான்.

சான்றிதழ்ப் பேச்சு எங்கிருந்து வந்தது என்பதையும் நீங்கள் தெரிந்திருக்க வேண்டும். 2020 ஒக்டோபரில் ஹக்டோபர்ஃபெஸ்ட் என்ற நிகழ்வில் நான்கு புல் ரிக்குவெஸ்ட் (உங்களுடையதைப் போன்ற திருத்தக் கோரிக்கை) அனுப்புபவருக்கு ரீசேட் கிடைக்கும் என்ற ஏற்பாடு இருந்தது. யூடியூப் காணொளி பார்த்துவிட்டு வந்தவர்கள் ரீட்மீ என்ற அறிமுகக் கோப்பில் ஓர் உரிச்சொல்லைச் செருகி அனுப்பத் தொடங்கினார்கள். பராமரிப்பாளர்கள் கொதித்துப் போனார்கள். நடத்திய நிறுவனம் அந்த மாதத் தொடக்கத்திலேயே விதியை மாற்றி, விரும்பிச் சேர்ந்த திட்டங்களுக்கு அனுப்புவதை மட்டும் கணக்கில் எடுத்தது. 2024இல் எக்ஸ்பிரஸ் என்ற புகழ்பெற்ற மென்பொருளுக்கும் அதே கதி. ஒரு பயிற்சிக் காணொளியைப் பின்பற்றிய மாணவர்கள் தங்கள் பெயரை அதன் ரீட்மீயில் எழுதி வரிசையாக அனுப்பினார்கள். இந்த வரலாறு பராமரிப்பாளர்களைச் சலிப்படைய வைத்திருக்கிறது என்பது உறுதி. அந்தச் சலிப்பு ஒரு நாட்டவரையே கேலி செய்ய அனுமதி தராது என்பதும் அதே அளவுக்கு உறுதி.

நேரத்தை மதிப்பது வெறும் நாகரிகம் என்று நினைப்பவர்களுக்கு நான் எப்போதும் எக்ஸ்ஸெட் கதையைச் சொல்வேன். கோப்புகளைச் சுருக்கும் சின்னக் கருவி அது, ஏறத்தாழ எல்லா லினக்ஸ் கணினிகளிலும் இருப்பது. அதைப் பல வருடங்களாகத் தனியாகப் பார்த்துவந்தவரை 2022இல் சில கணக்குகள் நெருக்கின: வேலை மெதுவாக நடக்கிறது, உங்களுக்கு அக்கறை இல்லை, பொறுப்பை வேறு யாரிடமாவது கொடுங்கள். அவர், தனக்கு நீண்ட நாளாக மனநலச் சிக்கல் இருக்கிறது, இது சம்பளமில்லாத பொழுதுபோக்கு வேலை என்று பொதுவிலேயே பதில் எழுதினார். நெருக்குதல் நிற்கவில்லை. கடைசியில், பொறுமையாக உதவிக்கொண்டிருந்த ஒரு புதியவர் கையில் பொறுப்பு போனது. 2024 பெப்ரவரியிலும் மார்ச்சிலும் வெளியான பதிப்புகளில் அந்தப் புதியவர் ஒரு கள்ளக் கதவை, அதாவது பிறர் கணினிக்குள் இரகசியமாக நுழையும் வழியை, பொருத்தியிருந்தார். அந்திரேஸ் ஃபிராயிண்ட் என்ற பொறியியலாளர், தொலைக் கணினிக்குள் நுழைய அரை வினாடி கூடுதலாக எடுக்கிறதே என்று கிண்டிப் பார்த்ததால்தான் அது மார்ச் இறுதியில் அகப்பட்டது. நெருக்கிய கணக்குகளும் அந்தப் புதியவரும் ஒரே கையின் விரல்கள் என்று பலர் நம்புகிறார்கள், நானும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் அது நிரூபிக்கப்படவில்லை. நெருக்குதல் அந்தப் புதியவருக்கு வழி திறந்து கொடுத்தது என்பதில் மட்டும் எனக்குச் சந்தேகம் இல்லை. அக்கறை இல்லையா என்று கேட்டவர்கள் ஒரு கெட்ட வார்த்தைகூடப் பயன்படுத்தவில்லை என்பதைக் கவனியுங்கள்.

ஒழுக்கக் கோவைக்கு வருவோம். உங்கள் திட்டத்தில் இருப்பது, நீங்கள் மேற்கோள் காட்டிய வாக்கியத்தை வைத்துப் பார்த்தால், 2014இல் கொரலின் அடா எம்கி எழுதிய பங்களிப்பாளர் உடன்படிக்கையின் ஏதோ ஒரு பதிப்பு. உலகில் மிகப் பரவலாக எடுத்தாளப்படுவது அதுதான். லினக்ஸின் மையப் பகுதியான கருவகத்தை உருவாக்கும் திட்டம்கூட 2018 செப்டெம்பரில் அதற்கு மாறியது. அதே நாட்களில் லினக்ஸைத் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸ், தன் மடல்களில் ஆட்களைத் தாக்கி எழுதியதற்கு மன்னிப்புக் கேட்டுவிட்டு ஒரு மாதத்துக்கு மேல் விலகி நின்றார். உடன்படிக்கையில் ‘மரியாதை’ என்ற பெரிய சொல்லைவிட அதன் கீழ் இருக்கும் பட்டியல்தான் முக்கியம். 1.4 முதல் 2.1 வரையான பதிப்புகளில் அது வயது, இனம், பால், மதம் இவற்றோடு நாட்டினத்தையும் அனுபவ அளவையும் பேர் சொல்லிக் குறிப்பிட்டு, இவற்றை வைத்து எவரையும் துன்புறுத்தக் கூடாது என்கிறது. ‘அந்தப் பக்கத்து ஆட்கள்’ என்ற கேலி ஒரே வீச்சில் இந்த இரண்டையும் தொடுகிறது. மறுபக்கம், ‘இந்த வழி பிழை’ என்பது நிரலைப் பற்றிய தீர்ப்பு. அதை எந்தக் கோவையும் தடுக்கவில்லை. தடுத்தால் மென்பொருள் உருப்படாது. உடன்படிக்கையின் 1.4ஆம் பதிப்பில் நல்ல நடத்தைக்கு எடுத்துக்காட்டாக, ஆக்கபூர்வமான விமர்சனத்தை முகம் சுளிக்காமல் ஏற்பதும் சொல்லப்பட்டிருக்கிறது. அது உங்களுக்கும் எனக்கும் எழுதிய வரி.

இனி உறுதியாகச் சொல்ல முடியாத பகுதி. ‘இது பிழை’ என்பதற்கும் ‘உனக்கு மூளை இல்லை’ என்பதற்கும் நடுவே ஒரு சதுப்பு நிலம் இருக்கிறது. குழுவில் இருந்தபோது எங்களுக்கு வந்தவற்றில் பெரும்பாலானவை அங்கேதான் புதைந்து கிடந்தன. நியூயோர்க்கில் உள்ள ரிகர்ஸ் சென்டர் என்ற நிரலாளர் கூடத்தில் சில சமூக விதிகள் உண்டு. அவற்றில் எனக்கு மிகப் பிடித்தது, ஒருவருக்கு ஒன்று தெரியாது என்று அறிந்ததும் வியப்பது போல நடிக்கக் கூடாது என்பது. ‘இதுகூடத் தெரியாதா?’ என்ற கேள்வியைத்தான் சொல்கிறார்கள். எங்கள் ஊர் ரியூசன் கொட்டில்களில் வளர்ந்தவர்களுக்கு விளக்கமே தேவையில்லை. அந்தக் கேள்வி ஒரு முறை வந்தால் மீறலா? நாங்கள் இல்லை என்றுதான் முடிவெடுப்போம். ஒரே ஆள் புதியவர்களிடம் மட்டும் ஐந்தாறு முறை கேட்டிருந்தால்? அப்போது முடிவு மாறும். எழுதியவருக்கு ஆங்கிலம் இரண்டாம் மொழியாக இருந்தால் அவருடைய வெட்டும் தொனி எண்ணமா, மொழியின் வறுமையா என்பது வெளியிலிருந்து தெரியாது. நாங்களும் சில தடவை பிழையாகத் தீர்த்திருக்கிறோம் என்றே நினைக்கிறேன்.

நானே இந்தச் சதுப்பில் விழுந்த கதை ஒன்று உண்டு. சொல்லக் கூச்சம்தான். தமிழாக்கத் திட்டங்களில் பெரும்பாலும் தமிழுக்கு என்று ஒரே ஒரு கோப்புத்தான் இருக்கும். இந்தியத் தமிழ், இலங்கைத் தமிழ் என்று வெவ்வேறு இடக்குறியீடுகள் (மொழியோடு நாட்டையும் குறிப்பவை) கணினிக்குத் தெரியும். ஆனால் இரண்டையும் தனித்தனியாக நிரப்ப ஆள் கிடைப்பதில்லை. ஆகவே கணனி என்று எழுதிப் பழகியவரும் கணினி என்று எழுதுபவரும், ஒஃப்லைன் என்பவரும் ஆஃப்லைன் என்பவரும் ஒரே பாயில் படுக்க வேண்டும். ஒரு முறை கோயம்புத்தூரில் இருந்து ஒரு மாணவர் நூற்றுக்கணக்கான வரிகளை மொழிபெயர்த்து அனுப்பினார். நான் சரிபார்ப்பவன். இருபது இடங்களில் என் காதுக்கு ஒத்துவரவில்லை. ‘இது தமிழே இல்லை, முதலில் தமிழைப் படித்துவிட்டு வாருங்கள்’ என்று எழுதினேன். ‘வாருங்கள்’ என்று மரியாதை விகுதி எல்லாம் போட்டுத்தான் எழுதினேன். அவர் அதன்பின் வரவேயில்லை. குழுவில் இருந்த மலேசியத் தமிழர் ஒருவர் தனியாக மடல் அனுப்பி, ஒரு தமிழரிடம் உனக்குத் தமிழ் தெரியாது என்று சொல்வதைவிடப் பெரிய வசவு எது என்று கேட்டார். என்னால் பதில் எழுத முடியவில்லை. அந்த இருபது இடங்களையும் குறித்து, ‘எங்கள் பக்கத்தில் இப்படி எழுதுவோம், இரு பக்கமும் புரியும் சொல் எது?’ என்று கேட்டிருந்தால் ஒரு மணி நேரம் கூடுதலாகச் செலவாகியிருக்கும், அவ்வளவுதான். மாணவரின் மின்னஞ்சலைத் தேடி மன்னிப்புக் கேட்டேன். பதில் இல்லை. அவருக்குப் பதில் எழுதும் கடமையும் இல்லை.

முறையிடுவது பற்றி. முதலில் ஒழுக்கக் கோவைக் கோப்பின் அடிப்பகுதியில் தொடர்பு முகவரி இருக்கிறதா என்று பாருங்கள். பல திட்டங்கள் மாதிரிப் படிவத்தை அப்படியே ஒட்டிவிட்டு, ‘முகவரியை இங்கே இடவும்’ என்ற வெற்றிடத்தைக்கூட நிரப்பாமல் விட்டிருக்கும். அப்படியான கோவை சுவரில் மாட்டிய படம்தான். வேறு சில இடங்களில் முறைப்பாடு போய்ச் சேரும் ஒரே ஆள் அந்தப் பராமரிப்பாளராகவே இருப்பார். உங்கள் விடயத்தில் அது சிக்கல் இல்லை, ஏனென்றால் குற்றம் செய்தவர் அவர் அல்லர். தலைமையின் மீதே முறைப்பாடு வரும்போது என்ன நடக்கும் என்பது இன்றுவரை தீராத பிரச்சினை. 2021 நவம்பரில் ரஸ்ட் என்ற நிரல்மொழித் திட்டத்தின் நெறியாளர் குழு முழுவதும், மையக் குழு எவருக்கும் பதில் சொல்லக் கடமைப்படாமல் இருக்கிறது என்று சொல்லிப் பதவி விலகியது. ஆனால் எப்போதும் கைவிட்டுவிடுவார்கள் என்றும் நினைக்க வேண்டாம். 2024 நவம்பரில் லினக்ஸ் கருவகத்தில், ஒரு கோப்பு முறைமையின் (வட்டில் கோப்புகளைச் சேமித்து ஒழுங்குபடுத்தும் பகுதி) முதன்மை உருவாக்குநர் சக நிரலாளரைத் தாக்கி எழுதியதற்காக, 6.13 பதிப்புச் சுற்றில் அவருடைய திருத்தங்கள் ஏற்கப்படவில்லை. திறமைசாலி என்பதற்காக விட்டுவிடவில்லை.

பெரிய தண்டனையை எதிர்பார்க்காதீர்கள். உடன்படிக்கையின் 2.0, 2.1 பதிப்புகளில் நான்கு படி இருக்கிறது: திருத்தம், எச்சரிக்கை, தற்காலிகத் தடை, நிரந்தரத் தடை. முதல் முறை இப்படி எழுதியவருக்கு நாங்களாக இருந்தால் முதல் படியைத்தான் கொடுத்திருப்போம். கருத்தை மறைத்துவிட்டு, ஏன் அது தவறு என்று தனியாக விளக்கி எழுதுவோம். அவர் இதற்கு முன்பும் இப்படி எழுதியவரா என்பது குழுவுக்குத் தெரியும், உங்களுக்கும் எனக்கும் தெரியாது. உங்கள் முறைப்பாடு தனியாக அற்பமாகத் தோன்றலாம். நாலாவது முறைப்பாடாக இருந்தால் அதுவே முடிவைத் தீர்மானிக்கும்.

மடலில் அந்தக் கருத்தின் இணைப்பு, திகதி, அவர் எழுதிய சொற்கள், கோவையின் எந்தப் பகுதியை அது மீறுகிறது, நீங்கள் கேட்பது என்ன என்பவை போதும். உங்கள் மனம் எவ்வளவு நொந்தது என்று ஒரு வரி எழுதலாம், ஒரு பக்கம் வேண்டாம். பராமரிப்பாளரைப் பற்றிய குறையை அதில் கலக்காதீர்கள், கலந்தால் இரண்டும் நீர்த்துவிடும். பொது இடத்தில் அந்த ஆளுக்குப் பதில் எழுத வேண்டாம், நண்பர்களைத் திரட்டிக்கொண்டு போய்க் கருத்திட வைக்கவும் வேண்டாம். நியாயம் உங்கள் பக்கம் இருக்கும்போதே அதைக் கெடுத்துக்கொண்ட பலரைப் பார்த்திருக்கிறேன்.

திருத்தத்தைப் பற்றிக் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். பங்களிப்பாளர் கையேட்டை முழுவதும் வாசியுங்கள். அதே வழுவை, அதாவது மென்பொருள் கோளாறைப் பற்றிப் பழைய பதிவு இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் அங்கே போய், இன்ன பதிப்பில் இன்ன படிகளில் எனக்கும் இது நடக்கிறது, இந்த வழியில் திருத்தலாமா என்று நிரல் எழுதுவதற்கு முன்னரே கேளுங்கள். மூடிய கோரிக்கையின் கீழே ‘நன்றி, கையேட்டை வாசித்தேன், நாள்தோறும் சுட்டியதற்கு மன்னிக்கவும்’ என்று ஒரு வரி, ‘சேர்’ இல்லாமல். இதெல்லாம் அடுத்த கிழமை செய்யலாம். முறைப்பாட்டுக்கான திரைப்பிடிப்பை மட்டும் இன்றிரவே எடுத்துவையுங்கள். இப்படிச் சிரிப்புக் குறியோடு எழுதுகிறவர்கள் ஓரிரு நாளில் தாங்களே அழித்துவிடுவது வழக்கம்.